எஞ்சின் ஆயிலை நாமே மாற்றலாமா, பட்டறையில் விடலாமா? பைக், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஸ்பிளெண்டரும் ஓர் ஆக்டிவாவும் இருக்கின்றன. இரண்டுக்கும் எஞ்சின் ஆயில் மாற்றுவது பல ஆண்டுகளாக என் வேலை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வாசலில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தால், தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை. பேச்சு முழுவதும் 100 முதல் 125 சி.சி. வரையிலான வண்டிகளைச் சுற்றியே இருக்கும். காருக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

நானே மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும்?

கூலியில் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. செலவின் பெரும்பங்கு ஆயிலின் விலைதான், அதை யார் ஊற்றினாலும் கொடுத்தாக வேண்டும். எங்கள் பகுதியில் தெருமுனை மெக்கானிக் கூலியாக ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ வாங்குகிறார். ஆயிலை அவரிடமே வாங்கினால் கூலி கேட்காத கடைகளும் உண்டு. ரிங் ஸ்பானர், புனல், ஆயில் பிடிக்கும் தட்டு என்று நீங்கள் வாங்கப்போகும் சாமான்களின் விலையைக் கழித்தால் முதல் ஆண்டில் கையில் எதுவும் நிற்காது. கம்பெனி சர்வீஸ் சென்டரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே கூலி, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., வாட்டர் வாஷ் என்று பில் நீண்டுகொண்டே போகும். ஆனால் அந்தப் பணத்துக்கு பிரேக், செயின், கேபிள் எல்லாவற்றையும் பார்த்துத் தருகிறார்கள், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உண்மையான மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. வாரம் ஆறு நாள், நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 12,000 கிலோமீட்டர் ஓட்டிவிடுவார். "ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்" என்கிற மெக்கானிக்கின் பேச்சைக் கேட்டால் ஆண்டுக்கு ஐந்து டப்பா வாங்க வேண்டும். ஸ்பிளெண்டர் கையேடு சொல்வது 6,000 கிலோமீட்டர், நடுவில் 3,000-இல் அளவு பார்த்துக் குறைந்திருந்தால் ஊற்ற வேண்டும். அந்தக் கணக்கில் ஆண்டுக்கு இரண்டே டப்பா. கையேட்டைப் படிப்பதில் மிச்சமாகும் பணம், ஸ்பானர் பிடிப்பதில் மிச்சமாகும் பணத்தைவிட அதிகம்.

என் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் 4,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகிற வண்டிக்கும், நான்கு வழிச்சாலையில் ஒரே சீராக ஓடுகிற வண்டிக்கும் ஒரே கெடு பொருந்தாது. காற்றால் குளிரும் சின்ன எஞ்சினில் கிடப்பது ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில்தான். கிளட்ச், கியர், பிஸ்டன் மூன்றுக்கும் அதே ஆயில்தான் வேலை செய்கிறது.

மிச்சம் இல்லையென்றால் எதற்கு இவ்வளவு சிரமம்?

உள்ளே என்ன போனது, வெளியே என்ன வந்தது என்ற இரண்டும் எனக்குத் தெரிய வேண்டும். கடையில் வண்டியை விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் இரண்டுமே தெரியாது.

வெளியே வருவது நிறையச் சொல்லும். ஆயில் வடிந்து முடிந்ததும், அதை வடிக்க எஞ்சினின் அடியில் கழற்றிய போல்ட்டின் நுனியை விரலால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல் ஒட்டினால் வழக்கமான தேய்மானம்தான். நகத்தில் நிரடும் அளவுக்கு மினுமினுப்பான துணுக்குகள் வந்தால் உள்ளே ஏதோ தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வடிந்த அளவையும் பாருங்கள். ஊற்றியது 900 மில்லி, வந்தது 500 மில்லி என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ ஆயிலை மேலே விடுகிறது. சைலன்சரில் நீலப்புகை வருவதற்குள்ளேயே இந்தத் தட்டில் அது தெரிந்துவிடும்.

புது வண்டி. வாரன்டி போய்விடாதா?

வாரன்டி ஓடும்வரை நீங்கள் கை வைக்காதீர்கள். குறிப்பிட்ட கெடுவுக்குள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் செய்த பதிவு இருக்க வேண்டும் என்பது இங்கே வண்டிக் கம்பெனிகளின் வழக்கமான நிபந்தனை. நூறு ரூபாய்க்காக எஞ்சின் வாரன்டியைப் பணயம் வைக்க வேண்டாம். இலவச சர்வீஸில் கூலிதான் இலவசம், ஆயிலுக்குப் பணம் உண்டு. அது தெரியாமல் கவுன்டரில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் சர்வீஸை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். புது எஞ்சினின் பாகங்கள் ஒன்றோடொன்று இழைந்து பழகும்போது உதிரும் உலோகத்தூள் முழுவதும் அந்த முதல் ஆயிலில்தான் இருக்கிறது.

எந்த ஆயில் வாங்குவது? டப்பாவில் எழுதியிருக்கும் எண்கள் என்ன?

மூன்று குறிகளைப் பார்த்தால் போதும்.

முதலாவது தடிமன். 10டபிள்யூ-30 என்றால் முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கின்றன. நடுவில் உள்ள எழுத்து குளிர்காலத்தைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. ஸ்பிளெண்டருக்கும் ஆக்டிவாவுக்கும் இப்போது சொல்லப்படுவது 10டபிள்யூ-30. ராயல் என்ஃபீல்டு 350-க்கு 15டபிள்யூ-50. "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது" என்று எல்லா வண்டிக்கும் 20டபிள்யூ-40 ஊற்றுகிற கடைகள் உண்டு. பழைய வண்டிகள் பலவற்றுக்கு அது சரியான ஆயில்தான். மெல்லிய ஆயிலுக்கென வடிவமைத்த எஞ்சினில் ஊற்றினால் மைலேஜ் குறையும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும்.

இரண்டாவது ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தரம். எஸ்.எல்., எஸ்.எம்., எஸ்.என். என்று இருக்கும். இரண்டாம் எழுத்து பின்னால் போகப்போகத் தரம் புதியது. எஸ்.எல். 2001-இல் வந்தது, எஸ்.என். 2010-இல். கையேட்டில் சொன்னதோ அதற்குப் பிந்தியதோ இருந்தால் சரி.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எம்.ஏ., எம்.பி. குறிகள். பைக்கில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து கிடக்கின்றன. அவை ஒன்றையொன்று பிடிக்க உராய்வு வேண்டும், அதற்கு எம்.ஏ. அல்லது எம்.ஏ.2. கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் உலர்ந்த பெட்டியில் தனியாக இருக்கிறது. அதனால் உராய்வைக் குறைக்கும் எம்.பி. ஆயிலை அதில் ஊற்றலாம், மைலேஜுக்கும் நல்லது. ஸ்கூட்டருக்கு வாங்கிய எம்.பி. டப்பாவை பைக்கில் கவிழ்த்தால் கிளட்ச் வழுக்கும். எஞ்சின் அலறும், வண்டி நகராது. கார் ஆயிலை பைக்கில் ஊற்றக்கூடாது என்று சொல்வதற்கும் இதுவே காரணம். கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கிறது. வீட்டில் பைக்கும் ஸ்கூட்டரும் இருந்தால் டப்பாவின் மேல் மார்க்கரால் பெரிதாக எழுதிவையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

சிந்தெடிக் ஆயில் வேண்டுமா?

செயற்கையாகத் தயாரிக்கும் இந்த விலை கூடிய ஆயில் சின்ன வண்டிக்குக் கட்டாயம் இல்லை. கையேடு கேட்டால் ஊற்றுங்கள். விலை உயர்ந்த ஆயிலை ஊற்றிவிட்டு ஓராண்டு திரும்பிப் பார்க்காமல் இருப்பதைவிட, சாதாரண ஆயிலைக் காலத்தில் மாற்றுவது எஞ்சினுக்கு நல்லது.

சரி, எப்படி மாற்றுவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஸ்பிளெண்டரை வைத்துச் சொல்கிறேன். வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்து மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பான ஆயில் இளகி முழுமையாக இறங்கும், அடியில் தங்கிய கசடையும் கூடவே இழுத்து வரும். ஊர் சுற்றிவிட்டு வந்த சூட்டோடு திறக்காதீர்கள். கொதிக்கும் ஆயில் மணிக்கட்டில் வழிந்தால் தோல் கொப்பளித்துவிடும்.

முதலில் மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிடுங்கள். பிறகு தட்டை அடியில் வைத்து எஞ்சினின் அடிவயிற்றில் உள்ள வடிகால் போல்ட்டை ரிங் ஸ்பானர் போட்டுத் தளர்த்துங்கள். ஸ்பிளெண்டரில் அது 17-ஆம் எண். திறந்த வாய் ஸ்பானரோ பிளையரோ வேண்டாம், அறுகோணத் தலை உருண்டுபோகும். கடைசி இரண்டு மரையைக் கையால் சுழற்றுங்கள். அப்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே சுழற்ற வேண்டும். மரை முழுவதும் விட்டுவிட்டது என்று விரலுக்குத் தெரிந்ததும் சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிடுங்கள். இந்த ஒரு அசைவு பழகிவிட்டால் போல்ட் தட்டுக்குள் விழாது, முழங்கைவரை ஆயிலும் வழியாது.

பத்து நிமிடம் சொட்டட்டும். கிக்கரை இரண்டு முறை மெல்ல அழுத்தினால் இன்னும் கொஞ்சம் வரும், சாவி மட்டும் ஆஃப் நிலையில் இருக்கட்டும். போல்ட்டின் வாஷரைப் பாருங்கள். நசுங்கித் தட்டையாகியிருந்தால் புதிது போடுங்கள். சில ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஆனால் ஆயில் கசிவில் பாதி அதனால்தான் வருகிறது. போல்ட்டை மீண்டும் போடும்போது ஸ்பானரைத் தொடாமல் விரலாலேயே கடைசிவரை சுழற்றுங்கள். விரலுக்கு அடங்காமல் முரண்டினால் மரை கோணலாக ஏறுகிறது, உடனே கழற்றிவிடுங்கள். விரல் நின்ற இடத்திலிருந்து ஸ்பானரால் கால் சுற்று, மிஞ்சினால் கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான்.

புனல் வைத்துப் புது ஆயிலை ஊற்றுங்கள். முழு டப்பாவையும் கவிழ்க்காமல் கொஞ்சம் மீதம் வைத்து அளவு பாருங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் அளவுகோல் குச்சியோடு கூடிய ஆயில் மூடியைத் திருகாமல் வெறுமனே உள்ளே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். மேல்கோடு, கீழ்க்கோடு இரண்டுக்கும் நடுவில், மேல்கோட்டை ஒட்டி இருக்கட்டும். ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி பார்த்துத் தேவையானதை ஊற்றுங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றுவது நல்லது என்ற எண்ணம் தவறு. மிகுந்த ஆயில் நுரைக்கும், சீல்களைத் தள்ளும், ஏர் ஃபில்டர்வரை போய் ஈரமாக்கும்.

இந்த எஞ்சினில் மாற்றுவதற்குக் காகித ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பிவலைச் சல்லடையும், சுழற்சியில் கசடை ஒதுக்கும் ஒரு கிண்ணமும் வலப்பக்க கிளட்ச் மூடிக்குள் இருக்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்ய மூடியைத் திறந்து, கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். அந்த வேலைக்கு நான் மெக்கானிக்கிடம்தான் போகிறேன்.

ஆக்டிவாவுக்கும் இதே முறைதானா?

முறை அதேதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஸ்கூட்டரில் இரண்டு ஆயில்கள் உண்டு. எஞ்சின் ஆயில் தனி, பின்சக்கரத்தை ஒட்டிய கியர் பெட்டியில் இருக்கும் ஆயில் தனி. முதல் தடவை செய்கிறவர்கள் கியர் பெட்டியின் போல்ட்டைத் திறந்துவிட்டு, "இவ்வளவுதான் வந்தது" என்று எஞ்சினில் ஒரு டப்பாவைக் கூடுதலாக ஊற்றிவிடுகிறார்கள். எஞ்சினில் இரண்டு பங்கு ஆயில், கியர் பெட்டியில் ஒரு சொட்டும் இல்லை. கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்துப் போல்ட்டை உறுதிசெய்த பிறகே ஸ்பானரைப் போடுங்கள்.

ஆயில் கறுத்துவிட்டது. உடனே மாற்ற வேண்டுமா?

வேண்டாம். கரியையும் அழுக்கையும் பிடித்துத் தன்னுள் வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. கறுப்பது அது வேலை செய்ததன் அடையாளம். கிலோமீட்டரைப் பாருங்கள், நிறத்தைப் பார்க்க வேண்டாம்.

ஒரே ஒரு நிறத்துக்கு மட்டும் பயப்பட வேண்டும் என்கிறார்களே?

ஆமாம், பால் கலந்த காபியின் நிறம். தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று பொருள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் சீட்டு வரை மூழ்கிக் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் மக்கள் செய்த முதல் வேலை கிக்கரை உதைத்தது. அதைத்தான் செய்யக்கூடாது. சிலிண்டரில் தண்ணீர் நின்றால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல், பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு என்ற தண்டு வளைந்துபோகலாம். ஆயிலோடு கலந்த தண்ணீர் பேரிங்குகளை உராய்வுக்கும் துருவுக்கும் காட்டிக்கொடுத்துவிடும்.

மூழ்கிய வண்டியின் பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். அளவுகோலை எடுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ அளவு தானாகக் கூடியிருந்தாலோ வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போங்கள். ஒருமுறை மாற்றினால் போதாது. ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, வடித்து, நிறம் தெளியும்வரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும். ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், பெட்ரோல் டேங்க் எல்லாவற்றையும் பார்க்க வேண்டிய வேலை அது. வீட்டு வாசலில் செய்யாதீர்கள்.

காருக்கும் நானே மாற்றலாமா?

வீட்டில் பள்ளமோ சாய்தளமோ முறையான தாங்கிகளோ இல்லையென்றால் வேண்டாம். டிக்கியில் இருக்கும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பிக் காருக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள், மண்தரையில் அது ஒரு நொடியில் சரியும். போதாததற்கு காரில் ஃபில்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும், மூன்று லிட்டருக்கும் மேல் பழைய ஆயில் கையில் நிற்கும். காரை நான் பட்டறைக்குத்தான் அனுப்புகிறேன்.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது?

மாற்றத் தொடங்குவதற்கு முன்பே இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் பட்டறையிலேயே மாற்றிக்கொள்ளட்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சாக்கடையில் ஊற்றினால் மழையோடு ஏரிக்குப் போகும். மண்ணில் ஊற்றினால் கிணற்றுக்கு இறங்கும். ஒரு சொட்டு ஆயில் நீர்ப்பரப்பில் எவ்வளவு தூரம் வானவில் நிறத்தில் படர்கிறது என்பதை மழைநாளில் பெட்ரோல் பங்க் வாசலில் எல்லோரும் பார்த்திருப்போம். இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் பட்டியலிடப்பட்டிருக்கிறது. ஆயில் தயாரிப்பவர்களே பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

நம் ஊரில் பழைய ஆயிலுக்குப் பல பழைய உபயோகங்கள் உண்டு. கரையான் வராமல் கதவு நிலையில் பூசுவார்கள். சென்ட்ரிங் பலகையில் சிமென்ட் ஒட்டாமல் இருக்கத் தடவுவார்கள். மாட்டுப் புண்ணுக்கு ஈ மொய்க்காமல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கடைசிப் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எஞ்சினில் வெந்த ஆயிலில் உலோகத்துகளும் எரிந்த எரிபொருளின் மிச்சமும் கலந்திருக்கின்றன. ஆய்வகத்தில் எலிகளின் தோலில் தொடர்ந்து பூசியபோது புற்றுநோய் வந்திருக்கிறது. மாட்டுக்குக் கால்நடை மருத்துவர் இருக்கிறார்.

நான் செய்வது இது: காலியான ஆயில் டப்பாவிலேயே பழைய ஆயிலை ஊற்றி, இறுக மூடி, "பழையது" என்று எழுதி, வழக்கமாகப் போகும் பட்டறையில் கொடுத்துவிடுகிறேன். அங்கே பீப்பாயில் சேர்ந்ததும் மறுசுத்திகரிப்பு ஆலைக்கு எடுத்துப்போக வண்டி வருகிறது. பட்டறைக்காரர் யாரிடம் விற்கிறார், வாங்குகிறவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவரா என்று கேட்டுவிட்டே கொடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், தண்ணீர் எதையும் அதில் கலக்காதீர்கள்.

போலி ஆயிலை எப்படிக் கண்டுபிடிப்பது?

சீல் உடையாத டப்பா, விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், பேட்ச் எண் ஆகியவை தெளிவாக அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அச்சிட்ட விலையைவிடப் பாதி விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். காலி டப்பாவை அப்படியே காயலான் கடையில் போடாதீர்கள். அதில் மறுபடி எதையாவது நிரப்பி விற்கிறவர்களுக்கு அதுதான் மூலப்பொருள். பழைய ஆயில் கொண்டுபோகத் தேவையில்லாத டப்பாவைக் கத்தியால் குறுக்கே வெட்டிவிட்டுப் போடுங்கள்.

எனக்கு நேரமில்லை, கடையில்தான் விடுவேன். எதைக் கவனிக்க வேண்டும்?

தாராளமாக விடுங்கள். நல்ல மெக்கானிக் ஒருவர் அமைந்துவிட்டால் அவரை விடாதீர்கள். ஆயிலை மட்டும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், அல்லது டப்பாவின் சீலை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் ஆயில் வேண்டாம். மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைக்கச் சொல்லுங்கள். போல்ட்டை முடுக்கும்போது கண்ணெடுக்காமல் பாருங்கள். ஒருமுறை ஒரு கடையில் ஸ்பானரின் முனையில் இரும்புக் குழாயைச் செருகி முழு பலத்தோடு முடுக்கினார்கள். நான் தெருவில் போன் பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த மாற்றத்தின்போது போல்ட்டோடு அலுமினிய மரையும் சுருள்சுருளாக வெளியே வந்துவிட்டது. லேத்தில் கொடுத்துப் புதிய மரை வைத்ததற்கு ஆன செலவில் நாலைந்து டப்பா ஆயில் வாங்கியிருக்கலாம். அதன்பிறகு, "அண்ணே, ரொம்ப முடுக்க வேண்டாம்" என்று நான் சொல்லாத கடை இல்லை. யாரும் கோபித்துக்கொண்டதும் இல்லை.

மாற்றிய தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கையில் பிடித்த கறை போகவில்லையே?

பெட்ரோலில் கழுவாதீர்கள், தோல் வறண்டு வெடிக்கும். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையிலும் நகக்கண்ணிலும் தேய்த்துப் பழைய துணியால் துடையுங்கள், பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பு. அடுத்த முறை கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.